ரெண்டு விரக்கடை

சத்தம் தாங்காமத்தான வந்தீங்க? தெரியும் டீச்சர். சொல்ல வேணாம், மூஞ்சியிலயே எழுதியிருக்கு. விடிஞ்சும் விடியாம டங்கு டங்குன்னு சுத்தியல் போட்டா யாருக்குத்தான் ஆத்திரம் வராது? அதுவும் சனிக்கிழம. சண்டக்கான்ல கடலப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பீங்க. இங்க மாத்தலாகி வந்து பெட்டியக்கூடப் பிரிக்கல, பக்கத்து வீட்டுல இப்பிடி ஒரு பட்டறை இருக்கும்னு கண்டீங்களா... நானே இந்த ஆளக் கட்டிக்கிறப்ப கண்டேனா. சரி, எல்லாம் பேசிக்கலாம். மொதல்ல ஏறுங்க. ஏறி உக்காருங்க. இல்லல்ல, முன்னால இல்ல. பின்னால, அந்த வெங்கலச் சேகண்டிக்குப் பக்கத்துல. செருப்போடயே ஏறுங்க, ஜீப்புதான, கோயிலா.

எதுக்குன்னு கேக்கறீங்க. கேக்கல, சரி, பாக்கறீங்க. எடைக்கு. தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர், நீங்களும் என்ன மாதிரி நல்ல உடம்பு. இந்தக் கிம்பாங் பெரியப்பாவ ஏத்திப் பாத்தோம். நனஞ்ச கோழிக்கு இருக்கற எடகூட மனுசனுக்கு இல்ல, வண்டி ஒரு நூல் எறங்கல. ஏறுன ஒடனே தூங்கியும் போயிட்டாரு, பாருங்க. அரிசி மூட்ட போட்டோம். ஜாடி வச்சோம். நாலு டயர்லயும் காத்த எறக்கி, அதுவும் தோசை மாதிரி சப்பையா நிக்குது. இன்னும் ரெண்டு விரக்கடை எறங்கணும். அண்ணாந்து பாருங்க. வாசல்ல குறுக்க ஒரு இரும்பு உத்தரம் தெரியுதா? அதுக்கு மேல நிக்குது வண்டிக் கூரை. நீங்களும் நானும் ஏறுனா கூரை கீழ வரும், வண்டி வெளிய போகும். கணக்கு அவ்வளவுதான்.

ம்... நல்லா நடுவுல உக்காருங்க. கேக்குதா, ஸ்பிரிங் முனகுது. நல்ல சத்தம் அது.

இந்த ஜீப்பு எனக்கு முந்தியே இந்த வீட்டுக்கு வந்தது. எனக்கு மூத்தாள்னு வச்சுக்கோங்களேன். இவரு, எம்புள்ள கோன்ரட்டோட அப்பா, அதோ ஸ்டியரிங்கப் புடிச்சிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்காரே, இவரு எந்த மெக்கானிக்கயும் நம்ப மாட்டாரு. எல்லாம் வீட்டுலயேதான். வீடுன்னா என் அடுக்களை. கார்புரேட்டர என் பால் சட்டியில ஊறப் போட்டாரு. பல் தேய்க்கிற பிரஷ்ஷால பேரிங்கத் தேச்சாரு. யாரு பிரஷ்ஷுன்னு கேட்டேன். பழசுன்னாரு. பழசுன்னா என்னுது. ஒரு நாள் ஃபிரிட்ஜத் தெறந்தா, பம்பாங்கான் காட்டு மாங்கா ஊறுகாய்க்கும் மீனுக்கும் நடுவுல ஒரு இரும்பு உருளை படுத்திருக்கு. குளிர வச்சா சுருங்குமாம், சுருங்குனா ஓட்டையில சுளுவா எறங்குமாம். அப்பிடி என்னச் சுருக்கறதுக்கும் ஒரு வழி இருந்தாச் சொல்லுங்கன்னேன். ஃபிரிட்ஜ மூடிட்டுப் போயிட்டாரு. இப்பவும் பாருங்க, ஸ்டியரிங்கத் தொடச்சிட்டிருக்காரு.

பழுதாப் போறதச் சரி பண்ணுனாப் போதாதா? போதாது டீச்சர். ஆத்துல எறங்குனா மூச்சு விடறதுக்குக் கூரை வரைக்கும் ஒரு குழாய். சேத்துல மாட்டுனா இழுத்துக்க மூக்குல ஒரு வின்ச்சு. கோத்தா கினபாலுல ஒரு பழைய சாமான் கடை இருக்கு. அங்க இவரு போனா நாற்காலி போட்டுக் காப்பி குடுக்கறாங்க. எங்க அம்மா வீட்டுல அந்த மரியாதை கெடச்சதில்ல. இந்தத் தடவ என்னாச்சுன்னா, தடிச்ச ஸ்பிரிங் பட்டை போட்டு, இந்தா பெருசா டயர் போட்டு, வண்டிய ஒரேயடியாத் தூக்கிட்டாரு. கோன்ரட்டுக்குப் பாத்த பொண்ணு வீட்டுப் பாதையில கல்லு வண்டி வயித்துல இடிக்குதாம். நான் ஏறணும்னா பலகை போட்டு ஏறணும். நீங்க இப்ப மிதிச்சு ஏறுனீங்களே, அது.

உத்தரமா? அது யாரு போட்டதுன்னுதான பாக்கறீங்க? நான்தான். அதுல என்ன? வண்டி மாசக்கணக்கா சக்கரமில்லாம கட்டை மேல கெடந்துச்சு டீச்சர், வயிறு தரையில தட்டாத குறையா. இனி இது எங்க எழும்பப் போகுதுன்னு நெனச்சேன். என் ஆர்க்கிட் செடிங்க வெயில்ல வாடுது, அதுங்களத் தொங்க விட ஒரு எடம் வேணாமா? என் தம்பிய வரச்சொல்லி, வண்டிக் கூரைக்கு மேல ஒரு முழம் விட்டு அளந்து, ரெண்டு பக்கமும் வெல்டு வச்சேன். ஒரு முழம். தாராளமா விட்டேன். புள்ள வளரும், பன்னி வளரும், உள்ள நிக்கற ஜீப்பு வளரும்னு யாருக்குத் தெரியும்? இவரும் அந்த உத்தரத்துக்குக் கீழயே குனிஞ்சு குனிஞ்சு அத்தன வேலயும் செஞ்சாரே, ஒரு தடவ அண்ணாந்து பாத்தாரா?

நேத்து சாயந்தரந்தான் பாத்தாரு. பாத்துட்டு, அறுத்துடலாம்னாரு. அறுக்கறதுன்னா மொதல்ல என்ன அறுங்கன்னேன். அதுக்கப்பறந்தான் இந்தச் சுத்தியல். கூரை மேல சாமான் கட்டற கம்பித் தட்டு ஒண்ணு இருந்துச்சு, துருப்புடிச்சுப் போயி கழல மாட்டேன்னுச்சு. அதத் தட்டித் தட்டிக் கழட்டுன சத்தந்தான் உங்கள எழுப்புனது. கழட்டியும் பத்தல.

வேற நாளா இருந்தா நான் பஸ்ஸுல போயிருவேன். இன்னைக்கு அப்பிடி முடியாது. கோன்ரட்டுக்குப் பொண்ணு கேக்கப் போறோம். முன்னால கழுத்து வரைக்கும் பொத்தானப் போட்டுக்கிட்டு, தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருக்கான் பாருங்க, அவனுக்குத்தான். பொண்ணு வெரோனி, மலை மேல கிளினிக்குல நர்ஸு. தங்கமான பொண்ணு. ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க இன்னைக்கு மத்தியானம் அவளையே கேட்டு வர்றாங்களாம், புத்தம்புது வண்டியில. அவங்க வர்றதுக்குள்ள நம்ம சீர் ஜாடியும் சேகண்டியும் பொண்ணு வீட்டுக் கூடத்துல போய் எறங்கியிருக்கணும். எறங்கிட்டா வர்றவன் சோத்தத் தின்னுட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இது ரெண்டாவது தடவ டீச்சர். மொத தடவ ஏன் முடியலன்னா... அது ஒண்ணுமில்ல. எங்க வழக்கத்துல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பெரியவருதான் பேசணும். பெத்தவங்க வாயத் தெறக்கக் கூடாது. நம்ம பக்கம் இந்தக் கிம்பாங் பெரியப்பா. இவரு தொண்டையச் செருமி முடிக்கறதுக்குள்ள நாலு கோழி முட்ட போட்டுரும். நான் சும்மாதான் இருந்தேன். இலையில கட்டுன சோறு வந்துச்சு, தின்னேன். அரிசிக் கள்ளு வந்துச்சு, ஒரு வாய் குடிச்சேன். பொண்ணோட அத்தை என்னப் பாத்து, பாதையெல்லாம் எப்பிடி இருந்துச்சுன்னாங்க. கேட்டா பதில் சொல்லணுமா வேணாமா? எருமை பொரண்ட எடம் மாதிரி இருக்கு, மாமியார் வீட்டுக்கு வர்றதுக்குள்ள எம்புள்ளைக்கு இடுப்பு கழண்டுரும்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பாதைய பொண்ணோட அப்பா தன் கையால வெட்டுனாராம். அதுவும் பதினஞ்சு வருஷமா. எனக்கு யாரு சொன்னா?

அதான் நேத்து இவரு சொல்றாரு, வர்றதுன்னா வா, வாயத் தெறக்காத. கோன்ரட் தட்டுல சோத்த அப்பிடியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அவன் திட்டியிருந்தாக்கூட... சரி, விடுங்க. நான் பேச மாட்டேன்னு மாதா படத்துக்கு முன்னால சொல்லியிருக்கேன். எனக்கு முடியாதுன்னா நெனைக்கறீங்க? கான்வென்ட்டுல படிச்சவ நான். ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் குறுக்க பேசக் கூடாதுன்னு சிஸ்டருங்க அடிச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. இன்னைக்கு வரைக்கும் நான் பேசறப்ப யாரையும் குறுக்க பேச விட்டதில்ல.

இதோ ஸ்டார்ட் பண்ணிட்டாரு. நான் ஏறிட்டேன், போங்க. டீச்சர், அசையாதீங்க. ஜாடியப் புடிச்சுக்கோங்க. எறங்குது பாத்தீங்களா, எறங்குது... மெதுவா, கோன்ரட் அப்பா, மெதுவா... பானெட்டு வெளிய போயிருச்சு. இனி கூரைதான். கர்ருன்னுச்சே, என்ன அது? நிறுத்துங்க. வண்டிக்குள்ள இருந்து உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நிறுத்துங்கன்னா. யாரும் எறங்கக் கூடாது, நான் மட்டும் ஒரு எட்டு எறங்கிப் பாத்துட்டு... அம்மா எறங்காத எறங்காதன்னு ஏண்டா கத்தற, யாராவது ஒருத்தர் பாக்கணும்ல.

எடது பக்கம் சரியா இருக்கு. வலது பக்கம்... ஐயோ, ஏன் எழும்புது? எழும்பி முட்டுதே. யாரு எறங்குனது? உள்ள இருந்து யாரு எறங்குனதுன்னு கேக்கறேன்.

ஏன் எல்லாரும் என்னயே பாக்கறீங்க.

சரி, சரி, ஏறிக்கறேன். பலகை எங்க... கோன்ரட் அப்பா, ஏன் வண்டிய உறும விடறீங்க? ரிவர்ஸ் போடுங்க. ரிவர்ஸ் போடுங்கன்னா முன்னால... வேணாம். வேணாங்கறேன். என் ஊதாச் செடி... போச்சு. வெல்டு விட்டுருச்சு. உத்தரமே போச்சு. தம்பி, நீ வெல்டு வச்ச லட்சணம்... எல்லாம் மண்ணுல கெடக்கு.

போகட்டும். வெளிய வந்தாச்சுல்ல, நிறுத்துங்க, நான் ஏறணும். மேட்டுல நிறுத்த முடியாதா? தெரியும், நடு மேட்டுல நின்னா வழுக்கும், இத்தன வருஷம் இந்த வண்டியோட குடும்பம் நடத்தியிருக்கேன், எனக்குச் சொல்லித் தர வேணாம். மேல போய் நிறுத்துங்க. ரோட்டுல நிறுத்துங்க. ரோட்டுக்கு வந்தாச்சு, நிறுத்த... டயருக்குக் காத்துகூட அடிக்காம எங்க போறீங்க?

கண்ணாடியில என்னப் பாத்தாரு. நான் பாத்தேன், என்னப் பாத்தாரு. பாத்துட்டுத்தான் கியர மாத்துனாரு.

டீச்சர். டீச்சர், கேக்குதா? உங்க காலடியில பையில எங்க வழக்கப்படி விசேஷத்துக்குப் போடற கறுப்புச் சட்டை இருக்கு, எனக்குன்னு தேச்சு வச்சது, உங்களுக்குச் சரியா இருக்கும். போட்டுக்கோங்க. மாப்பிள்ளையோட அம்மான்னு நெனச்சுப்பாங்க. நெனைக்கட்டும், எம்புள்ள கல்யாணம் நடந்தாச் சரி. பாதை எப்பிடி இருந்துச்சுன்னு கேப்பாங்க. என்ன கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டுங்க டீச்சர். வந்ததுல இருந்து அதத்தான செய்யறீங்க.