பத்துப் புள்ளி இரண்டு

எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். பள்ளியிலிருந்தே அப்படித்தான். கர்ப்பிணிகளின் அட்டையில் நான் எழுதிய எண்ணைப் பார்த்து, இது ஒன்றா ஏழா என்று எந்த நர்ஸும் என்னிடம் கேட்டதில்லை.

உயிர்வேதியியல் படித்து, லேப் டெக்னீசியன் பட்டயமும் முடித்து, உப்புநீர் ஏரிக்கரைச் சுகாதார நிலையத்தில் சேர்ந்தேன். ஒப்பந்த வேலை. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை எங்களை ஒருநாள் நிறுத்திவிட்டு, மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை செய்ததாக நாங்கள் உரிமை கேட்டுவிடக் கூடாது அல்லவா. அந்த ஒருநாளும் நான் போவேன். கையெழுத்து மட்டும் போடமாட்டேன். இப்படி ஐந்து வருடம். எங்கள் வாட்ச்மேனுக்கு என்னைப்போல் இரண்டு மடங்கு சம்பளம். அவர் நிரந்தரம்.

நிரந்தரமானால் இறால் பிடிக்க ஏரியில் இறங்கும் இந்தப் பெண்களுக்குக் கடைசிவரை நானே ரத்தம் பார்க்கலாம் என்றுதான் தேர்வு எழுதினேன். தேறினேன். சான்றிதழ் சரிபார்ப்பு ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு, சென்னையில். வராதவர் பெயர் நீக்கப்படும் என்று கடிதத்தில் இருந்தது. விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள். அதனால் ஏழு மணிக்கே போய், காத்திருந்தவர்களுக்கு ரத்தம் எடுத்தேன்.

கடைசியாக ஜமுனா. எட்டு மாதம். கையால் இறால் பிடிக்கிறவள்; பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் அமிழ்ந்து சேற்றைத் துழாவுவாள். ஐந்தாம் மாதத்தோடு இறங்குவதை நிறுத்தியிருந்தாள்.

"இன்னாக்கா இது, என் ரத்தமா நண்டு ரத்தமா?" என்று, குழாயில் வெளிறிக் கிடந்த ரத்தத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

மெஷின் ஹீமோகுளோபின் 5.2 என்று காட்டியது. மறுபடி பார்த்தேன். 5.2.

ஏழுக்குக் கீழே இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் ஏற்ற வேண்டும். எங்கள் ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும். டாக்டர் தாமோதரன் முகாமுக்குப் போயிருந்தார். நர்ஸ் கோவிந்தம்மா பிரசவ அறையில் இருந்தார். மிச்சம் நான்தான். மணி எட்டு இருபது. எட்டரைக்கு பஸ்.

மறுநாள் வரச் சொல்லியிருக்கலாம். ஆனால் 5.2 என்று எழுதிவிட்டு அனுப்பாமல் விட்டால் அது குற்றம். 10.2 என்று எழுதினால் அனுப்பவே தேவையில்லை.

எழுதினேன்.

அவள் போகாமல் நின்றாள். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது, நாக்கு வெளுத்துக் கிடக்கிறது என்றாள். ஏரியில் இறங்கும் பெண்கள் அதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். பறியைக் கடிக்கும்போது வாய்க்குள் போகும் தண்ணீர் நாக்கை வெளுத்துவிடுமாம். மூன்று மாதமாகத் தண்ணீரில் இறங்காதவள் அதையே என்னிடம் கேட்டாள்.

"உப்புத் தண்ணியாலதானேக்கா?"

"ஆமா. கீரை சாப்புடு."

கீரை சாப்பிடச் சொன்னது சரியான ஆலோசனைதான்.

பஸ் கிடைத்தது. சரிபார்ப்பு நல்லபடியாக முடிந்தது.

மறுநாளாவது திருத்தியிருக்கலாமே என்கிறீர்கள். திருத்தினால் முதல் எண் எப்படி வந்தது என்று கேட்பார்கள். நியமன உத்தரவு கைக்கு வரும்வரை என்மேல் ஒரு புகாரும் இருக்கக் கூடாது. அதற்கு இருபத்தாறு நாள் ஆனது. அதற்குள் அவளை இரண்டு முறை இறால் ஏலம் போடும் இடத்தில் பார்த்தேன். முதல் முறை உட்கார்ந்திருந்தாள். அடுத்த முறை படுத்திருந்தாள்.

இருபத்திரண்டாம் நாள் வலி வந்தது. கோவிந்தம்மா அட்டையைப் பார்த்தார். 10.2. அங்கேயே பிரசவம் பார்த்தார். பெண் குழந்தை, பிழைத்துக்கொண்டது. ரத்தம் ஒன்றும் அதிகமாகப் போகவில்லை, நல்ல உடம்பு தாங்குகிற அளவுதான் என்று பிறகு என்னிடம் சொல்லி அழுதார். பொன்னேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆம்புலன்ஸிலேயே ஜமுனா செத்துப்போனாள்.

கோவிந்தம்மாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவரும் ஒப்பந்தம்தான். சுலபமாக நீக்க முடிந்தது. நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. உத்தரவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவள் பிழைக்கமாட்டாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் எனக்காகச் செய்யவில்லை. அந்தப் பெண்களை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

உத்தரவு கொடுத்த அன்று, காலி இடங்களைத் திரையில் காட்டி, எது வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் நிலையம் முதல் வரியிலேயே இருந்தது. நான் கோயம்புத்தூர் கேட்டேன்.