‘அப்பா பின்னால வாறார்’

ஷெல் வருகிறது. முதலில் தொலைவில் ஒரு ‘டுப்’. பிறகு கூவல். கூவல் தலைக்கு மேலால் நீண்டுகொண்டு போனால் அது வேறு யாருக்கோ. சட்டென்று நின்றால் எங்களுக்கு.

நிற்கிறது.

“படு! படு!” அண்ணாவின் குரல். முகம் மணலுக்குள். வாய்க்குள் மணல். நிலம் ஒருமுறை எங்களைத் தூக்கிப் போடுகிறது. காதுக்குள் இரைச்சல் மட்டும். எழும்புகிறோம். ஓடுகிறோம்.

2009. சித்திரை மாதம். வன்னிக் கடற்கரை. எனக்கு ஒன்பது வயது. அண்ணாவுக்குப் பதினைந்து. தப்புவதென்றால் இருட்டோடு நீரேரியைக் கடந்துவிட வேண்டும். பதுங்கியிருந்த பங்கரை விட்டுக் கொஞ்சத் தூரம் வந்த பிறகுதான் தெரிந்தது. தண்ணீர்க் கானை உள்ளேயே விட்டுவிட்டோம். அப்பா திரும்பிப் போனார். நேரம் போனது. அண்ணா அவரைத் தேடி ஓடினான். மறுபடியும் ‘டுப்’. மறுபடியும் கூவல்.

அண்ணா தனியாகத் திரும்பி வந்தான். கையில் கான்.

“அப்பா பின்னால வாறார்! கானைத் தந்து விட்டவர். நடவுங்கோ! நிக்காதேங்கோ!”

நடந்தோம். இருட்டில் தண்ணீருக்குள் இறங்கினோம். அம்மாவுக்குக் கழுத்தளவு. நான் அண்ணாவின் தோளில். அக்கரையில் அந்தக் கானிலிருந்து மூவரும் குடித்தோம்.

அப்பா வரவில்லை.

பிறகு முகாம். அங்கே அப்பாவைக் காணாமல் போனவர் என்று பதிந்தார்கள். அதற்குப் பிறகு அண்ணா லண்டனுக்கு மாமாவிடம் போனான். அம்மாவும் நானும் சுவிஸ் வந்தோம். வில் நகரம். அம்மாவுக்கு ஒரு சமையலறையில் வேலை. நான் காற்றோட்டக் கருவிகளுக்கான தொழிற்பயிற்சி முடித்தேன். இன்று என் வேலை நிலக்கீழ்ப் பாதுகாப்பறைகளைச் சோதிப்பது. ‘ஷுட்ஸ்ரௌம்’ என்பார்கள். இந்த நாட்டில் அடுக்குமாடிகளுக்குக் கீழே பங்கர் இருக்கிறது. கதவின் ரப்பர் விளிம்பு. காற்று வடிகட்டி. கையால் சுற்றும் விசிறி. அவசர வழி. ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறி போடுவேன். உள்ளே பெரும்பாலும் பனிச்சறுக்குப் பலகைகளும் வைன் போத்தல்களும்தான் இருக்கும்.

அண்ணா பிரிட்டிஷ் இராணுவத்தில் அதிகாரியானான். செய்தி கேட்ட அம்மா இரண்டு மாதம் அவனோடு கதைக்கவில்லை. “எந்த நாட்டு ஆமியெண்டாலும் ஆமிதான்.” இங்கே திரிம்பாக் ஊர்க் கோயிலில் யாராவது விசாரித்தால், “மகன் லண்டனிலை இஞ்சினியர்” என்பார். அது பொய்யில்லை. அவன் பொறியியல் பிரிவு.

2021. காபூல் விமான நிலையம். சனத்தை வெளியேற்றும் பணி. அவன் லெப்டினன்ட். மதிலோரம் முழுக்கச் சனம். குழந்தைகளைக் கம்பிக்கு மேலால் நீட்டினார்கள். எனக்கு அவன் அனுப்பியது ஒரே வரி. “நீரேரிக் கரை மாதிரியே இருக்கு.” பிறகு கப்டன். இங்கிலாந்தில் உக்ரேனியப் புதுப் படையினருக்குப் பதுங்குகுழி வெட்டப் பழக்கினான். குழி ஏன் வளைந்திருக்க வேண்டும். கூரைக்கு எவ்வளவு மண் வேண்டும். எங்கே படித்தாய் என்று ஒருவன் கேட்டானாம். பள்ளிக்கூடக் காலத்தில் என்றானாம் அண்ணா.

போன வருடம் இன்னொரு பணி கொடுத்தார்கள். இறந்த சிப்பாயின் வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தி சொல்வது. அதற்கும் பயிற்சி உண்டு. ஆளை முதலில் உட்காரச் சொல். சுற்றி வளைக்காதே. ‘இறந்துவிட்டார்’ என்றே சொல். நம்பிக்கைக்கு இடம் வைக்காதே. ஒரு தாயிடம் போனான். சொன்னான். அவள் அவனுக்கு நன்றி சொன்னாளாம்.

இந்த வருடம் பங்குனியில் வில்லுக்கு வந்தான். ரயில் மேடையிலேயே எனக்குச் சொல்லிவிட்டான். அப்பா பங்கர் வாசலில் கிடந்தார். நெஞ்சில் காயம். உயிர் இல்லை. கான் பக்கத்தில் கிடந்தது.

“பதினாறு வருசமா மறைச்சு வைச்சனியோ?” என்றேன்.

“ஓம்.”

“அம்மா இன்னும் பொட்டு வைக்கிறா. தாலி போட்டிருக்கிறா. உயிரோடை இருக்கிற ஆளுக்குச் செய்யிற மாதிரி, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பான்ரை பேரிலை அர்ச்சனை செய்யிறா.”

“தெரியும். அதுதான் வந்தனான்.”

வீட்டுக்கு நடக்கும்போது மனதில் எண்ணிக்கொண்டேன். அம்மாவின் இரத்த அழுத்தம். மாத்திரை இருக்கிறது. மயக்கம் வந்தால் அவசர வண்டி. கைபேசியில் மின்னேற்றம் இருக்கிறது. கடைசியாக ஒன்று. அம்மா இனி அவனைப் பிள்ளையாக நினைக்காமலே போகலாம். அதற்கு என்னிடம் எந்த ஆயத்தமும் இல்லை.

அம்மா கதவைத் திறந்தார். “வா, கப்டன். உங்கடை ராசா சோறு போடுறேல்லையோ? வத்திப்போனாய்.”

“அம்மா, இருங்கோ.”

“சாப்பிட்டிட்டுக் கதை. கணவாய்க் கறி ஆறுது.”

“இல்லை. முதல் இருங்கோ.”

இருந்தார். அவன் நின்றான். கைகள் உடலோடு ஒட்டியிருந்தன.

“அப்பா இறந்திட்டார். அண்டைக்கே. நான் கண்டனான்.”

வெளியே ஒரு ரயில் போனது.

“அப்ப கான்?”

“பக்கத்திலை கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்தனான்.”

“பின்னால வாறார் எண்டனீ.”

“சொல்லியிருந்தா நீங்கள் நடந்திருக்க மாட்டீங்கள்.”

“ஓம். நடந்திருக்க மாட்டன்.” மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தத் தண்ணியை நான் குடிச்சனான்.”

அம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

“கண்ணை மூடி விட்டனியோ?”

“மூடினனான்.”

“மண் போட்டனியோ?”

“நேரம் இல்லை, அம்மா. அடுத்தது வந்திட்டுது.”

அம்மா எழுந்து குளியலறைக்குள் போனார். பூட்டு விழுந்தது. தண்ணீர்ச் சத்தம். என் ஒரு கையில் மாத்திரை. மறு கையில் நாணயம். அந்தப் பூட்டை வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பலாம். அண்ணா சுவரோடு ஒட்டி நின்றான். தண்ணீர் நின்றது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

“அம்மா!”

“கத்தாதை. வாறன்.”

வெளியே வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. தாலி கழுத்தில் இருந்தது.

“இதை எனக்கு மனம் வரேக்கை கழட்டுவன். ஒருத்தரும் ஒண்டும் சொல்ல வேண்டாம்.” அண்ணாவிடம் திரும்பினார். “உன்னோடை எனக்குக் கோவம். நாளைக்கும் இருக்கும். தங்கச்சி உயிரோடை நிக்கிறாள் எண்டதும் எனக்குத் தெரியுது. இப்ப இரு. சாப்பிடு.”

அவன் இருந்தான். சோற்றைப் பிசைந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“திதி என்ன?” என்றார் அம்மா.

அவனுக்குத் திகதி தெரியாது. எங்களில் யாருக்கும் நாள் தெரியாமல் கிடந்த காலம் அது. தண்ணீருக்குள் இறங்கியபோது நிலா இல்லை. அது மட்டும் மூவருக்கும் ஞாபகம் இருந்தது.

“அப்ப சித்திரை அமாவாசை எண்டு வைப்பம்” என்றார் அம்மா.

அந்த நாளில் படையல் வைத்தோம். அண்ணா விடுப்பெடுத்து வந்தான். தர்ப்பை போட்டுக்கொண்டு எள்ளும் தண்ணீரும் இறைத்தான். அன்று முழுக்க அம்மா அவனோடு கதைக்கவில்லை. அவனுடைய இலையில் மட்டும் கேட்காமலே இரண்டாம் முறை சோறு வைத்தார்.

மறந்துபோகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். வன்னியில் நாங்கள் இழந்தவை. வீடு ஒன்று. கிணறு ஒன்று. தையல் மெசின் ஒன்று. மண்மூட்டை தைக்க வெட்டிய சேலைகள், அம்மாவின் கூறைச்சேலையும் சேர்த்து, பதினொன்று. மாசியில், எங்களோடு இருந்த சித்தி. பங்கருக்கு வெளியே, அடுப்புக்குப் பக்கத்தில். சித்தியின் கைக்குழந்தை, மறுநாள். சித்திரையில் அப்பா.

இறந்தவர்கள் மூவர்.

காணாமல் போனவர் எவருமில்லை.