கேபிள் வெட்டிய கேசு

மொக்கைச்சாமி: இந்த வாசப்படிய இதுவரைக்கும் போலீசு மிதிச்சதில்ல தாயி. மகனக்கூடத் தோட்டத்துல வச்சுத்தான் பிடிச்சாக. இப்ப நீங்க வந்துட்டீக.

ஜெஸ்லின்: நான் போலீசு இல்லைங்கய்யா. நன்னடத்தை அலுவலர். கோர்ட்டு அனுப்பித் தேனியிலருந்து வர்றேன்.

மொக்கைச்சாமி: போலீசு, கோர்ட்டு, ஜெயிலு, இப்ப நீங்க... ஒரு வயர வெட்டுனதுக்கு இத்தன பேரா?

ஜெஸ்லின்: வயருக்குப் போலீசே போதும்யா. பையனுக்குத்தான் இத்தன பேரு.

அக்கம்மாள்: எம் மகன விட்ருவாகளா தாயி?

ஜெஸ்லின்: வெட்டுனேன்னு பிரகாசே கோர்ட்டுல ஒத்துக்கிட்டான்மா. இருபது வயசு, மொதத் தப்பு. ஜெயிலுக்கு அனுப்பவா, வீட்டுக்கு அனுப்பவான்னு ஜட்ஜு யோசிக்கிறாரு. வீட்டுல வச்சுத் திருத்த ஆள் இருக்கான்னு பாத்து நான் ரிப்போர்ட் குடுக்கணும்.

மொக்கைச்சாமி: அப்படி ஒருத்தன் இந்த வீட்டுல பொறக்கவே இல்லன்னு எழுதிக்கங்க.

அக்கம்மாள்: பத்து மாசம் சொமந்தவ இங்கன நிக்கிறேன்...

மொக்கைச்சாமி: நீ சும்மா இரு! களவாண்டதுதான் களவாண்டான், யாரு கெணத்துல? சங்கிலியம்மா கெணத்துல. ஒத்தப் பொம்பள. தென்னங்கன்னு வாடிப்போச்சு. நம்ம மோட்டாரு கேபிளக் கழட்டி அங்கன மாட்டிவிட்ட பெறகுதான் நான் சோத்துல கை வச்சேன்.

ஜெஸ்லின்: அதையும் எழுதிக்கிறேன்யா.

மொக்கைச்சாமி: எதுக்கு? பேரு வாங்கவா செஞ்சேன்?

அக்கம்மாள்: எழுது தாயி. அப்படியே அவன ஸ்டேசன்ல காட்டிக் குடுத்த மகராசன் பேரையும் சொல்லிட்டுப் போ.

மொக்கைச்சாமி: அது... இப்ப என்னத்துக்கு? போயி காப்பி போடு.

அக்கம்மாள்: இப்பத்தானே குடிச்சீக? ஏந்தாயி, ஒன் பைல்ல இருக்குமில்ல?

ஜெஸ்லின்: இருக்கும்மா... ஆனா அத நான் சொல்லக் கூடாது.

அக்கம்மாள்: சொல்ல வேணாம். இவுகளுக்கு ஏன் இப்படி வேர்க்குதுன்னு மட்டும் சொல்லு.

மொக்கைச்சாமி: ஏய்!

ஜெஸ்லின்: ஐயா... ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவன் திருந்தவே மாட்டான்னு நினைக்கிறீகளா?

மொக்கைச்சாமி: ஏன் திருந்த மாட்டான்? யாரு மகன்? விடியுமுன்ன எழுப்பி, அந்தச் சங்கிலியம்மா தோட்டத்துலயே தண்ணி கட்ட விட்ருவேன். ஒரு வருசம்... ஊரு பாக்கட்டும்.

ஜெஸ்லின்: அப்ப இந்த வீட்டுலதான் இருப்பான்.

மொக்கைச்சாமி: வேற எங்கன இருப்பான்?

ஜெஸ்லின்: அது போதும். இங்கன ஒரு கையெழுத்து.

மொக்கைச்சாமி: பொறுங்க. மறைச்சு வச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்ல. ஏ அக்கம்மா... ஸ்டேசனுக்குப் போனது நான்தான். மோட்டார் ரூம்ல ஒளிஞ்சு கெடக்கான், தோட்டத்துக்கு வந்து கூட்டிட்டுப் போங்கன்னு நாந்தான் சொன்னேன்.

அக்கம்மாள்: ஒங்க வாயில வரட்டும்னுதான் இத்தன நாளாக் கெடந்து கத்துறேன். நீங்க போயிட்டு வர்ற வரைக்கும் அவன் ஓடாம எப்படி இருந்தான்னு நினைச்சீக? மோட்டார் ரூம் கதவுக்கு வெளியில தாழ்ப்பாளப் போட்டுட்டு அங்கனயே ஒக்காந்திருந்தவ நான்.