ஏழு நாள் மௌனம்

என் பெயரும் முகவரியும் முதல் பக்கத்தில் உள்ளன. வயது நாற்பத்தாறு. ஓர் அச்சகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறேன். பார்வையற்றோருக்கு எழுத்தை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைச் சிலர் சேர்ந்து சம்பளமில்லாமல் நடத்திவருகிறோம். அது வாசிக்கும் குரல் ஒரு சர்வரிலிருந்து வருகிறது. அந்தச் சர்வர் பதினோரு வருடமாக என் வீட்டு உள்ளறையில் இருந்தது. இப்போது என்மீது காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கும் எங்கள் குழு ஒருங்கிணைப்பாளர்தான், ஒரு மூலை போதும் என்று கொண்டுவந்து வைத்தார். அதன்பின் அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மேடையில் அது நம் சர்வர். பழுதானால் மட்டும் என் சர்வர்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எதைச் செய்வதானாலும் எல்லோருக்கும் மின்னஞ்சலில் அறிவிக்க வேண்டும். ஏழு நாளுக்குள் யாரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்று பொருள். இந்த விதியை எழுதியவரும் அவரே.

சென்ற மாதம் 3ஆம் தேதி என் மனைவிக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. அவளுக்குக் கட்டில் போட உள்ளறையைத் தவிர வேறு இடமில்லை. சர்வர் இரைச்சலில் அவளால் கண்மூட முடியவில்லை. அதன்பின் 9ஆம் தேதி, விவரத்தைச் சொல்லி, யாராவது சர்வரை எடுத்துச் செல்லுங்கள், இல்லையேல் 16ஆம் தேதி காலை பத்து மணிக்கு நிறுத்திவிடுவேன் என்று எழுதினேன். நாற்பத்தொரு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொன்னபடி நிறுத்தினேன். அதன்பின் பத்து நிமிடத்துக்குள் நூற்றெழுபது மின்னஞ்சல்கள் வந்தன. என் மனைவி எப்படி இருக்கிறாள் என்று ஒன்றில்கூடக் கேட்கவில்லை.

அதன்பின் பார்வையற்ற ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "பரீட்சைத் தாள் பாதில நிக்குது அண்ணா, சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும்" என்றார். என் மனைவிதான், "போட்டு விடுங்க, பாவம்" என்றாள். மாலை ஐந்து மணிவரை சர்வரை ஓட்டினேன். அதுவரை அவள் சமையலறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

சர்வரின் நகலையும் கடவுச்சொல்லையும் நான் ஒளித்துவைத்ததாகப் புகாரில் உள்ளது. இரண்டு வருடத்துக்கு முன்பே நகலைப் பதிந்த சிறு வட்டையும் கடவுச்சொல் எழுதிய தாளையும் உறையிலிட்டு, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்துவிட்டேன். திறந்து சரிபார்த்துவிட்டதாக அவர் குழுவுக்கும் எழுதினார். இன்று காவல் ஆய்வாளர் கேட்டபின் தன் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துவந்தார். ஒட்டு பிரியவில்லை. என் கையெழுத்து அப்படியே இருந்தது. ஆய்வாளர் எங்கள் இருவர் முன்னிலையில் பிரித்தார். இரண்டும் உள்ளே இருந்தன.

அதன்பின் ஒருங்கிணைப்பாளர் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "வேற எடம் கெடைக்கிற வரைக்கும் உங்க வீட்லயே ஓடட்டுமே" என்றார். நான் பேசாமல் இருந்தேன். எங்கள் வழக்கப்படி அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார் என்பதால், நான் மறுக்கிறேன் என்பதை இதில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. சொன்னதெல்லாம் உண்மை.

(கையொப்பம்)