பல்லி சொன்னால் ஏறலாம்

— அதில்லக்கா, நீ ரேஞ்சருக்க முன்னால வாயத் தொறக்கதுக்கு முந்தி நான் சொல்லுகத ஒருக்கா கேளு. அவரு ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு. தம்பிரான் பாறைக்குப் போற வழியத் திருப்பித் தொறக்கலாமா, மலையில குடியிருக்க காணிமாருக்கு அதுல சம்மதமான்னு. நீ சம்மதம்னு சொல்லி ஒரு ஒப்புப் போட்டா காரியம் முடிஞ்சுது.

— பைய ஓட்டு தாசு. நீ குலுக்குற குலுக்குல சம்மதமும் வராது, ஒப்பும் வராது, எனக்க குடலுதான் வெளியே வரும்.

— ஜீப்பு என்ன செய்யும்? மூணு வருசமா ரப்பர் பாலு கேனு செமந்து இதுக்க நடு ஒடிஞ்சு போச்சு. ரெண்டாயிரத்திப் பத்துல நீ பாத்திருக்கியே. ஞாயிற்றுக்கெழமை ஆனா குலசேகரத்துல இருந்து முப்பது ஜீப்பு வரிசையா மேல ஏறும். மொத ஜீப்பு நம்மளுது. முன்னால 'இயேசு ரட்சிக்கிறார்', பின்னால 'தம்பிரான் துணை'. ஒருத்தரும் கோவப்பட்டதில்ல.

— ஒங்க பாஸ்டர் கோவப்பட்டாரே.

— அவரு கோவப்படுவாரு. பின்ன, அவருக்க மருமவன் வந்தா நம்ம ஜீப்புலதான் பாறைக்குக் கூட்டியோண்டு போச் சொல்லுவாரு. நல்ல மனுசன்.

— எனக்கும் அந்த ஞாயிற்றுக்கெழமையள நெனச்சா ஒரு மாதிரித்தான் இருக்கு, மக்கா. விடியதுக்கு முந்தி ரெண்டு குட்டுவம் மரச்சீனிக் கெழங்கு அவிச்சு எறக்குவேன். காந்தாரி மொளவு அரச்சு வைப்பேன். உச்சைக்கு முந்தி பானை காலி. ஒரு மெட்ராசுக்காரி காந்தாரியத் தின்னுட்டு அழுது, பின்னயும் கேட்டு வாங்கித் தின்னா. ஓர்ம இருக்கா?

— எனக்க தண்ணிக் குப்பி முச்சூடும் குடிச்சது அவளாக்கும். மறப்பனா? இப்பம் கெழங்கு அவிக்கதில்லியா?

— அவிக்கேன். எனக்கும் நாய்க்கும்.

— அதத்தானே நானும் சொல்லுகேன். அங்க பாரு, எடது பக்கம். ரெஜிலாக்க அன்னாசிப்பழக் கடை. தகரம் துருப்பிடிச்சுத் தொங்குது. அவ இப்பம் களியக்காவிளையில ஒரு துணிக்கடையில நிக்கா, காலு ரெண்டும் வீங்கிப் போச்சாம். இன்னா செக்போஸ்ட்டு. போர்டப் பாத்தியா, 'உள்ளே செல்ல அனுமதி இல்லை'. வாறவனுவ கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு பாறையப் போன்ல படம் புடிக்கானுவ, அந்த மூலையில மூத்திரம் பெய்யானுவ, திற்பரப்புக்குத் திரும்பிப் போறானுவ. ஒரு கட்டஞ்சாயா குடிக்கணுமே. அதுவும் வர வரக் கொறஞ்சு போச்சு. போன மாசம் முழுக்க ரெண்டு வண்டி.

— வந்தவனுவ செஞ்ச காரியத்தையும் சொல்லு. பாறையில பெயிண்டுல பேரெழுதினான். குப்பிய ஒடச்சுப் போட்டான். சுனையில சோப்பு போட்டான்.

— உண்டு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதுக்குத்தான் ரேஞ்சரு இப்பம் கயிறு கெட்டித் தாறேன், கம்பி போட்டுத் தாறேன்னு சொல்லுகாரு. ஒரு நாளு இத்தன பேருதான்னு டிக்கெட்டு வைப்பாராம். ஃபாரஸ்ட்டு கார்டு கூடவே நிப்பான். எல்லாம் ஒழுங்காட்டு. ஒங்க சம்மதம் ஒண்ணுதான் பாக்கி. ஒனக்க வீட்டுக்காரரு ரத்தினண்ணன் இருந்தா அவரு போட்டிருப்பாரு இந்த ஒப்ப. அவரு போன பொறவு ஊருக்க தலைமை மூப்பு ஒனக்க கையில. நான் யாருகிட்ட போயிக் கெஞ்ச?

— நீ மஸ்கட்டுக்குத் திருப்பிப் போறியாமே. ஊருல சொல்லுகாவ.

— விசா வந்து கெடக்கு. ஹவுஸ் டிரைவர். அரபிக்க பிள்ளியள ஸ்கூல்ல கொண்டு விடணும், மார்க்கெட்டுல போயிக் காய்கறி செமக்கணும். அம்பது வயசாச்சு. இனி போனா பெட்டியிலதான் வருவிய, செல்வதாஸ்னு பேரெழுதி ஒட்டித்தான் வருவியன்னு எனக்க பெண்டாட்டி நேசம்மாள் ராவும் பகலும் அழுது கரையா. அவ இதுவரைக்கும் என்னைய முழுப்பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லக்கா. நாளைக்கு ஏஜென்டு பாஸ்போர்ட்டக் கேக்கான். பாறை தொறந்தா நான் போவண்டாம். தொறக்கலேன்னா போணும். உள்ளதைச் சொல்லிட்டேன். இண்ணைக்கு நீ சொல்லுக சொல்லுலதான் எனக்க காரியம் கெடக்கு.

— மேல நான் ஜீப்புல ஏறினதுல இருந்து நீ இதத்தான் சொல்லிட்டு வாற. எனக்குப் பேச நீ எடம் தந்தாத்தானே. சம்மதம்னுதான் சொல்லப் போறேன்.

— என்னது?

— வழியத் தொறக்கட்டுன்னு சொல்லப் போறேன். போன வெள்ளிக்கெழமை ஊரு கூடி முடிவெடுத்தாச்சு.

— எக்கா, சத்தியமாட்டா?

— ஓ.

— இத மேல வச்சே சொல்லியிருந்தா நான் இம்புட்டுத் தொண்ட கிழியப் பேசியிருப்பனா? எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நேசம்மாளுக்கு ஒரு போன் போடணும். டவரு இல்ல. இந்தச் சவத்துக் காட்டுல எண்ணைக்கு டவரு இருந்துது? நாளைக்கே டயரு மாத்தணும். ரெஜிலாவுக்குச் சொல்லி விடணும், வந்து தகரத்த நிமித்துட்டுன்னு. நீ மறுபடியும் கெழங்குப் பானைய எறக்கு. எக்கா, நீ எனக்குத் தெய்வமாக்கும்.

— அந்தப் பேச்ச விடு. தெய்வத்துக்க பேர இண்ணைக்கு எடுக்காத.

— ஏன் மொகம் இப்பிடி இருக்கு? ஊரு முழுக்கச் சேந்துதானே முடிவெடுத்திய?

— முழுக்க. ஒருத்தரும் எதுத்து ஒரு சொல்லு சொல்லல. அதுதான் எனக்குத் தாங்கல.

— எனக்கு வெளங்கலக்கா.

— வழியத் தொறக்கதுக்கு முந்தி தம்பிரானுக்க வெளக்க எடுத்திடணும்னு முடிவு. இனி அங்க வெளக்கு வைக்கதில்ல. மொதத் தேனு கொண்டு குடுக்கதில்ல. இரும்புக் கொக்கரைய உரசித் தாளம் போட்டுப் பாட்டுப் படிக்கதில்ல. வாக்குத் தவறின தெய்வம் நமக்கு வேண்டாம், பாறை வெறும் பாறையாக் கெடக்கட்டு, யாரு வேணும்னாலும் செருப்புப் போட்டோண்டு ஏறட்டுன்னு சொல்லியாச்சு. ரேஞ்சருகிட்ட நான் இதச் சொல்ல மாட்டேன். அவருக்கு ஒப்பு போரும்.

— தம்பிரான் எப்பம் வாக்குத் தவறினாரு?

— நீ அங்கதானே நின்ன, அண்ணைக்கு.

— நின்னேன்.

— பின்ன என்ன கேக்க? எனக்க ஆளு பாறைக்க அடியில சூடங் கொளுத்தி வச்சு, 'தம்பிரானே, மக்கள ஏத்தட்டா'ன்னு கேட்டாரு. எண்ணைக்கும் கேக்கது போலத்தான். பாறைப் பொந்துல இருந்து பல்லி சொன்னா ஏறலாம். சொல்லலேன்னா எத்தன வண்டி ஆளு வந்தாலும் திரும்பிப் போணும். அண்ணைக்குப் பல்லி சொல்லிச்சு. அங்க நின்ன அம்புட்டு காலேஜ் பிள்ளியளும் கேட்டாவ, நம்ம ஆளுவளும் கேட்டாவ. சொன்ன பொறவுதான் ஏத்தினாரு. பாதி ஏறல்ல, மலைத்தேனீ கூட்டமாக் கெளம்பிட்டு. ஒரு பெண்பிள்ளைக்க தலையில எனக்க ஆளு தோர்த்துத் துண்டப் போட்டு மூடி, அவளக் கெட்டிப்பிடிச்சுப் பொந்துக்குள்ள தள்ளினாரு. பின்ன அவருக்க காலுதான் வழுக்கிச்சு.

— வேண்டாங்கா. நான் கண்ணால கண்டவனாக்கும்.

— மல்லன் மாமன் கூட்டத்துல எந்திச்சுக் கேட்டாரு. ஏறுன்னு சொல்லிட்டு, ஏறினவனக் கீழ தள்ளின தெய்வத்த என்ன சொல்லிக் கும்பிடுகதுன்னு. மூணு வருசமா எல்லாருக்க நெஞ்சிலயும் கெடந்ததுதான். கும்பிடவும் மனசில்ல, கும்பிடாம இருக்கவும் பயம். வெளக்கு வைக்கப் போற பெண்ணுவ சும்மா எண்ணெய ஊத்திட்டுத் திரும்பிப் பாக்காம ஓடி வருவாளுவ. பின்ன, வெளக்க எடுப்பமான்னு மாமன் கேட்டாரு. எல்லாரும் கையத் தூக்கினாவ. எதுக்கு வண்டிய நிறுத்துக?

— எஞ்சின் சூடாயிட்டு.

— எறக்கத்துல வாற வண்டிக்கு என்ன சூடு?

— எக்கா, வெளக்க எடுக்கண்டாம்.

— எடுக்காம வழிய எப்பிடித் தொறக்கது? வெளக்கு இருந்தா உத்தரவு கேக்கணும். கேட்டாப் பல்லிக்க சொல்ல நம்பணும். நம்பதுக்கு இப்பம் ஆளில்ல. ஒனக்கு என்ன வந்துது? நீ கிறிஸ்தியானி. ஒனக்கு வழி தொறந்தாப் போருமில்லியா?

— போருந்தான். நீ சம்மதம்னு சொன்னப்பளே நான் வாயப் பொத்திட்டு வண்டிய ஓட்டியிருக்கணும். இனி ஒரு வளவுதான், ரேஞ்சருக்க ஆப்பீசு வந்திரும். அங்க போனா எனக்கு வாய் வராது. இஞ்ச வச்சே சொல்லிருகேன். தம்பிரான் வாக்குத் தவறல.

— பின்ன யாரு தவறினா?

— அண்ணைக்குப் பல்லி சொல்லவேயில்லக்கா. நானாக்கும் சொன்னேன்.

— ம்.

— ஆலமரத்துக்குப் பின்னால நின்னு நாக்க அண்ணத்துல தட்டினேன். வெயிலு ஏறிட்டாப் பல்லி சொல்லாது, ஒனக்கே தெரியும். அண்ணன் கண்ண மூடிச் சம்மணம் போட்டு இருப்பாரு. ஒரு மணிக்கூரு, ரெண்டு மணிக்கூரு. வந்தவனுவ எனக்க சட்டையப் பிடிப்பானுவ, காட்டுக்குள்ள கொண்டாந்து ஒரு பல்லிக்கா எங்களக் காவல் வைக்கன்னு. மொதல்ல ஒரு நாளு வெளையாட்டாட்டுத்தான் செஞ்சேன். அண்ணன் உடனே எந்திச்சு 'உத்தரவாச்சு'ன்னு ஏத்திட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துது. பின்ன அதுவே பழக்கமாப் போச்சு. நாலு வருசம், எக்கா. பல்லி சொல்லாத நாளெல்லாம் நான் சொன்னேன். இது என்ன பெரிய காரியம், நான் சபையில வேதம் வாசிக்கவன், எனக்கு என்ன பல்லியும் பாறையும்னு நெனச்சேன். அண்ணைக்குப் பிள்ளியளுக்கு நாகர்கோவில்ல சாயங்காலம் ரயிலு. நேரமாச்சு நேரமாச்சுன்னு ஒருத்தன் எனக்க காதுல நின்னான். நான் மரத்துக்குப் பின்னால போனேன்.

— மூணு வருசமா இத வயித்துல வச்சோண்டா நடந்த?

— அண்ணன மண்ணுல வைக்கும்ப சொல்லணும்னுதான் வந்தேன். ஒனக்க மொகத்தப் பாத்ததும் ஒரு பிடி மண்ணப் போட்டுட்டுத் திரும்பிட்டேன். பின்ன வழிய அடச்சாவ. போட்டு, எனக்க தண்டனை இதுதான்னு இருந்தேன். அந்தத் தண்டனையும் தாங்க மாட்டாம இண்ணைக்கு ஒன்னையக் கெஞ்சிட்டு வாறேன் பாரு, என்னைய மாதிரி வெக்கங்கெட்டவன் உண்டா? நீ ஊருல போயிச் சொல்லு. பல்லி சொன்னது தாசாக்கும், தம்பிரானில்லன்னு சொல்லு. வெளக்க எடுக்கண்டாம். வழி அடஞ்சே கெடக்கட்டு. நான் நாளைக்குப் பாஸ்போர்ட்டக் குடுத்திட்டு மஸ்கட்டுக்குப் போறேன்.

— கண்ணத் தொடை. பின்னால லாரி வருகு, ஓரமா நிறுத்து.

— நீ என்னைய ரெண்டு அடியாவது அடிக்கலாம்.

— அடிச்சா அவரு வருவாரா? தாசு, ஒனக்க பல்லி மூணு தரம் ஒரே அளவுல சொல்லும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கது போல. உள்ள பல்லி அப்பிடிச் சொல்லாது. காட்டுல பொறந்தவனுக்கு அது தெரியாம இருக்குமா?

— அண்ணனுக்குத் தெரியுமா?

— மொத நாளே தெரியும். ராத்திரி கஞ்சி குடிக்கும்ப என்கிட்ட சொல்லிச் சிரிச்சாரு.

— அப்பம் நீயும் தெரிஞ்சோண்டா இத்தன நாளு இருந்த? பின்ன ஊருல ஏன் சொல்லல? தம்பிரானுக்க மேல பழி போட ஏன் விட்ட?

— ஒன்னையச் சொன்னா, உத்தரவில்லாமத்தான் ஏத்தினாருன்னு எனக்க ஆளையும் சொல்லணுமே. மண்ணுல கெடக்கவர நானே எப்பிடிக் காட்டிக் குடுப்பேன்? வெள்ளிக்கெழமை எல்லாரும் கை தூக்கினப்ப நானும் தூக்கினேன். தெரிஞ்சோண்டு தூக்கினேன். அதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல, மக்கா.

— தெரிஞ்சவரு அண்ணைக்கு ஏன் ஏறினாரு? மாட்டேன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா நான் அம்புட்டுப் பேரையும் திருப்பிக் கொண்டு போயிருப்பேனே.

— நானும் அண்ணைக்கு, அவரு ஏறதுக்கு முந்தி, அதத்தான் கேட்டேன். கெழங்குப் பானைக்கிட்ட வந்து ஒரு துண்டு எடுத்து வாயில போட்டாரு. 'அது தாசுக்க பல்லிதான், நாகம்மை. ஆனா மஸ்கட்ட விட்டுட்டு அவன் நம்மள நம்பியில்லா வந்து கெடக்கான்'னு சொல்லிட்டு ஏறினாரு.