கவிழ்த்து வைத்த கொப்பரை

"பசியால் செத்தவர்களை மறந்த மண்ணில் பயிர் முளைக்காது." ஓசூருக்கு வெளியே இருக்கும் ஓர் ஐரிஷ் கம்பெனியின் வாசலில், பச்சைப் பலகையில், தங்க எழுத்தில் இந்த மகத்தான வாசகம் நிற்கிறது. நாலடி தள்ளி அதே சுவரில் இன்னொன்று: வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுவரக் கூடாது. இரண்டையும் எழுதியவர் ஒரே பெயின்டர்.

இரவு பன்னிரண்டே கால். ராயக்கோட்டை ரோடு. செகண்ட் ஷிப்ட் முடிந்து திரும்பிய அந்தக் கம்பெனி பஸ்ஸைச் சானமாவுக் காட்டுக்குள் வனத்துறை ஆள் டார்ச்சை ஆட்டி நிறுத்தினார். முன்னால் யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறதாம். லைட்டை அணைக்கச் சொன்னார். இன்ஜினும் அடங்கியது. ஜன்னலோரம் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நடு சீட்டுகளில் வந்து நெருக்கிக்கொண்டார்கள்.

மோல்டிங் செக்‌ஷன் முனிவேல்தான் ஆரம்பித்தார். போன வருஷம் இதே இடத்தில் ஒரு வண்டி நின்றது என்றார். பேக்கிங்கில் இருக்கும் ரூபா துப்பட்டாவை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

"அண்ணா, இப்ப வேணாம்ண்ணா."

"நான் சொல்லலைன்னா மட்டும் அது போயிடுமா?" என்றார் முனிவேல்.

நடந்தது யாருக்கோ அல்ல. முனிவேலோடு ஒரே மெஷினில் நிற்கும் சூசையின் அக்கா மகனுக்கு. பெயர் கிங்ஸ்டன். எச்.ஆர். ஆபீஸில் நாலு வருஷமாகக் கான்ட்ராக்ட். எப்போது பெர்மனென்ட் என்று கேட்டு வரும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அவன் ஒரே பதில் வைத்திருந்தான். "லைன்ல நில்லுங்க, வரும்." அவனும் அதே வரிசையில்தான் நின்றான். ஆனால் வரிசை தனக்குப் பின்னால்தான் தொடங்குகிறது என்பதுபோலச் சொல்வான்.

கம்பெனியின் ஓசூர்க் கிளைக்குத் தலைவர் மேக்ஸ்வெல் சார், நம்மூர்க்காரர்தான். பத்து நாள் ட்ரெயினிங் என்று அயர்லாந்து போய், ஒரு பச்சை டையும் நூற்றெழுபது வருஷத்துச் சோகமும் வாங்கி வந்தவர். மார்ச்சில் அந்த நாட்டுப் புனிதருக்காக எல்லோருக்கும் பச்சைத் தொப்பி. மே மாதம் அந்த நாட்டுப் பஞ்சத்துக்காக எல்லோருக்கும் கறுப்பு பேட்ஜ். பலூன் மட்டும் புதிதாக வாங்குவதில்லை. சுதந்திர தினத்தில் மிஞ்சிய காவி, வெள்ளை, பச்சை பலூன்களே இடம் மாற்றிக் கட்டப்படும். அந்த நாட்டுக் கொடியிலும் அதே மூன்று நிறம்தான், குறை சொல்ல முடியாது.

போன மே மாதம் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு போட்டோ வந்தது. உருளைக்கிழங்கு அழுகி அங்கே லட்ச லட்சமாகச் செத்தபோது, இரும்புக் கொப்பரைகளில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்களாம். இப்போது அந்தக் கொப்பரைகளை ஊர் ஊராக நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். எல்லா நாட்டுக் கிளைகளும் இப்படி ஒன்று வைத்து, ஒரு நிமிடம் மௌனம் காத்து, வீடியோவில் காட்ட வேண்டும் என்று உத்தரவு.

மேக்ஸ்வெல் சார் கிங்ஸ்டனைக் கூப்பிட்டு மேஜை டிராயரைத் திறந்து காட்டினார். உள்ளே அவனுடைய பெர்மனென்ட் ஆர்டர். கையெழுத்து மட்டும் பாக்கி. நாளைக் காலை எட்டு மணிக்குள் கொப்பரை வாசலுக்கு வர வேண்டும் என்று சொல்லி டிராயரை மூடினார்.

அப்படி ஒன்று கிடக்கும் இடம், குட்டி யானை என்கிற மினி லாரி ஓட்டும் தீர்த்தகிரிக்குத்தான் தெரிந்திருந்தது. கெலமங்கலத்தைத் தாண்டி ஒரு ஏரிக்கரை. அதன் மேல் பாதி மண்ணில் புதைந்த ஒரு கொப்பரை. வெள்ளைக்காரன் காலத்துத் தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்குக் கஞ்சி ஊற்றியது. அந்த ஏரியை வெட்டியவர்களே பஞ்சத்துக் கூலிகள்தான். வெட்டியவர்களில் பாதிப் பேர் கரைக்குள்ளேயே இருக்கிறார்கள். கல் கிடையாது, பலகை கிடையாது. அந்த வழியாகப் போகிறவர்கள் கொப்பரையில் ஒரு பிடி ராகி போட்டுவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் நினைவு நாள்.

ஊரில் எளிதாகச் சம்மதித்துவிட்டார்கள். கல்வெட்டில் உங்கள் ஊர்ப் பஞ்சத்தையும் சேர்த்துப் பொறிப்போம் என்று கிங்ஸ்டன் சொன்னான். கல்வெட்டு முந்தின நாளே தயாராகி, அயர்லாந்து என்ற ஒரே பெயரோடு ஆபீஸில் இருந்தது. பக்கத்து ராகிக் காட்டுக்காரி வெங்கடம்மா மட்டும் வண்டி கிளம்பும்வரை அசையாமல் நின்றாள். உள்ளே கிடந்த ராகியை ஒருமுறை கையால் சமன்படுத்தினாள்.

"எடுத்துக்கிட்டுப் போறதுன்னா போப்பா. கவுக்க மட்டும் கவுக்காதே. அன்னிக்கி கஞ்சி தீந்துதுன்னு தொரை இதக் கவுத்தான். வரிசை இன்னும் நிக்குது."

கிங்ஸ்டன் தலையாட்டினான். லீவு கேட்டு வருகிறவர்களிடம் ஆட்டுவானே, அந்தத் தலையாட்டல்.

இரவு மணி பதினொன்றரை. ரோட்டில் வேறு வண்டி இல்லை. வளைவுக்கு வளைவு கொப்பரை உருண்டு பக்கத் தகட்டில் மோதியது. டங்... டங்... விளிம்பு உடைந்தால் டிராயர் திறக்காது. காடு தொடங்கும் இடத்தில் கிங்ஸ்டன் வண்டியை நிறுத்தச் சொன்னான். கவிழ்த்துப் போட்டால் அசையாது என்றான். தீர்த்தகிரி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கிங்ஸ்டனே பின்னால் ஏறி, ஜாக்கி ராடைக் கொடுத்து நெம்பினான். ராகி சரசரவென்று ரோட்டில் கொட்டியது. கொப்பரை குப்புற விழுந்தது. டொம்.

அரை கிலோமீட்டர் போயிருக்க மாட்டார்கள்... டார்ச். யானை. லைட்டை அணை.

"இதே எடமா?" என்று இருட்டில் யாரோ கேட்டார்கள்.

"அதோ, அந்தப் புளியமரம்" என்றார் முனிவேல். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் வாசனைதான் வந்தது. அடிப்பிடித்த ராகிக் கஞ்சி. கிங்ஸ்டன் மூக்கை உறிஞ்சினான். அப்புறம் சத்தம். குப்புறக் கிடந்த கொப்பரைக்கு உள்ளேயிருந்து... அகப்பையால் அடி சுரண்டுகிற சத்தம். கர்ர்... கர்ர்... அவசரமே இல்லாமல்.

அப்புறம் காலடி. யானையின் காலடி அல்ல. தாரில் வெறுங்கால் உரசுகிற சத்தம். ஒன்று, பத்து, எண்ண முடியாமல். நடுவில் மண்சட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் மெல்லிய கிணுக்கு. பேச்சு இல்லை. ஒரு இருமல்கூட இல்லை.

வண்டிக் கதவின் விளிம்பில் ஒரு சட்டி வந்து உட்கார்ந்தது. விளிம்பு உடைந்த சட்டி. அதைப் பிடித்திருந்த விரல்கள் தெரிந்தன. அதற்கு மேல் இருட்டு.

"முன்னாடி எத்தினி பேரு?"

நாலு வருஷப் பழக்கம். கிங்ஸ்டனின் வாய் தானாகச் சொன்னது.

"லைன்ல நில்லுங்க, வரும்."

சட்டி விலகியது. காலடிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து, வண்டிக்குப் பின்னால் போய் ஒழுங்காக நின்றன. தீர்த்தகிரி ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னான்.

"நிக்கச் சொல்லிட்டீங்களே சார்."

காலையில் வாசலில் கொப்பரைக்குப் பச்சை பெயின்ட் அடித்தார்கள். கவிழ்ந்தே இருக்கட்டும், கல்வெட்டு பதிக்க முதுகு வசதியாக இருக்கிறது என்றார் மேக்ஸ்வெல் சார். சுற்றிலும் கான்கிரீட் போட்டார்கள். இரண்டு தட்டுப் பொங்கலுக்குப் பிறகு அவர் மைக்கைப் பிடித்து, பசி நம் ரத்தத்தில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். சைரன் ஊதியது. ஒரு நிமிட மௌனம். எல்லோரும் தலை குனிந்தார்கள். ஹெட் ஆபீஸ் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தது.

நாற்பதாவது வினாடியில் சமோசா ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. ஆறிவிடும் என்று கேன்டீன்காரர் சைகை காட்டினார். மேக்ஸ்வெல் சார் "தேங்க் யூ" என்றார். மௌனம் முடிந்தது. துக்கமும் முடிந்தது.

இரண்டு நாள் கழித்து ஹெட் ஆபீஸிலிருந்து மெயில். பாராட்டுத்தான். முக்கியமாக, பஞ்சத்து மக்களாக வேடம் போட்டு வரிசையில் வந்த உள்ளூர்க் கலைஞர்களுக்குத் தனிப் பாராட்டு.

கலைஞர் யாரையும் கிங்ஸ்டன் கூட்டி வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வீடியோவைப் போட்டுப் பார்த்தான்.

சைரன் ஊதும்போது சர்வீஸ் ரோடு காலி. தலைகள் குனிந்ததும், ரோட்டின் கோடியில் ஒரு கோடு. பத்தாவது வினாடியில் அது ஆட்களாகிவிட்டது. எலும்புக்கு மேல் கந்தல். ஒவ்வொரு கையிலும் சட்டி. வரிசையின் வால் கண்ணுக்கு எட்டவில்லை. முப்பதாவது வினாடியில் கேட்டுக்குள். நாற்பதாவது வினாடியில், முதலில் நின்றவளின் சட்டி, கடைசி வரிசையில் தலை குனிந்து நின்ற கிங்ஸ்டனின் தோளுக்கு மேல் நீண்டிருந்தது. கைக்கும் அவன் கழுத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை.

"தேங்க் யூ."

ரோடு காலி. ஒரு ஆடு மட்டும் பலூனைத் தின்றுகொண்டிருந்தது.

கொப்பரையை நிமிர்த்திவிடலாம் என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். டிசைனுக்கு ஹெட் ஆபீஸ் ஒப்புதல் கொடுத்துவிட்டது, இனி உடைக்க முடியாது என்றார் மேக்ஸ்வெல் சார். வெங்கடம்மாவைப் பார்க்கப் போனான். அவள் கதவைத் திறக்கவில்லை. இப்போதெல்லாம் கேன்டீனில் தட்டோடு நிற்பவன் திடீரென்று ஒதுங்கி, யாருமில்லாத இடத்தைப் பார்த்து நீங்க போங்க, நீங்க போங்க என்கிறான். சோறு தீரும்வரை ஒதுங்கியே நிற்கிறான் என்று சூசை சொன்னதாக முனிவேல் சொன்னார்.

பஸ்ஸுக்குள் ரூபா காதிலிருந்து துப்பட்டாவை இறக்கினாள்.

"ஆர்டர் வந்துச்சாண்ணா அவருக்கு?" மெதுவாகக் கேட்டாள்.

வரவில்லை. மௌனத்தில் இருபது வினாடி குறைகிறதே என்று ஹெட் ஆபீஸ் விளக்கம் கேட்டிருந்தது. இந்த வருஷம் முழு நிமிடத்தையும் நடத்திக் காட்டு, அப்புறம் கையெழுத்து என்று மேக்ஸ்வெல் சார் சொல்லிவிட்டார். கிங்ஸ்டன் பொறுப்பேற்று எழுதிக் கொடுத்துவிட்டான். எல்லா ஷிப்ட் ஆட்களும் கட்டாயம் வந்து நிற்க வேண்டும் என்று நோட்டீஸும் ஒட்டியாகிவிட்டது.

தூரத்தில் டார்ச் பச்சையாக அசைந்தது. டிரைவர் இன்ஜினைப் போட்டார். ஜன்னல் வழியே ஏதோ அடிப்பிடித்த வாசனை வந்தது. கிளட்ச்தான் என்று டிரைவர் சொன்னார். முனிவேல் எட்டி ஜன்னலைச் சாத்தினார்.

நினைவு நாள் வருகிற சனிக்கிழமை. பஞ்சத்து நாளில் தின்பது மரியாதையில்லை என்று இந்த வருஷம் சமோசா ஆட்டோவை நிறுத்திவிட்டார்கள்.