எட்டாவது பாட்டில் ஆர்கன்

சாயங்காலம் நாலே கால் மணி. எழுபத்தாறாம் வருஷம், டிசம்பர். ஸ்காட்லாந்தில், இன்வர்னெஸ்ஸைத் தாண்டி வடக்கே விக் ஊருக்குப் போகிற சாலை... ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஆழத்தில் கடல். அந்தப் பக்கம் அந்த மாதத்தில் மூன்றரைக்கே வெளிச்சம் போய்விடும். ஆக, கும்மிருட்டு. எதிரே ஒரு வண்டி வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

வேனில் இரண்டே பேர். ஓட்டியது மொராக், இசைக்குழுவின் சவுண்ட் இன்ஜினியர். பக்கத்தில் ரோலி பிக்கரிங். இப்போது எங்களோடு டிரம் வாசிக்கிற லெஸ் இருக்கிறானே, அவன் அக்கா ஷீலாவின் புருஷன். லெஸ் இந்தக் கதையை ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அப்புறம் யார் கேட்டாலும் எழுந்து போய்விடுவான்.

பின்னால், கம்பளி சுற்றிய ஆர்கன். அது ரோலியுடையது இல்லை.

ரோலியை உங்களுக்குத் தெரியாது. ஆனால் அவன் வாசித்ததைக் கேட்டிருப்பீர்கள். பதினெட்டு வருஷம் லண்டன் ஸ்டுடியோக்களில் வாசித்தவன். காலையில் பிஸ்கட் விளம்பரம், மதியம் யாரோ ஒருவனின் ராக் ரெக்கார்டு, சாயங்காலம் இன்னொருவனுடையது. அட்டையில் எங்கேயும் அவன் பேர் இருக்காது. டிவியில் பார்த்தால், அவன் வாசித்ததற்கு நீள முடிக்காரன் ஒருவன் விரலை ஆட்டிக்கொண்டிருப்பான். "உன் கையை வெச்சு அந்தப் பையன் பொண்ணு பிடிக்கிறான் பாரு," என்பாள் ஷீலா. ரோலியும் சிரிப்பான். உள்ளே வலிக்கும்.

அப்போதுதான் மொராக் வேலை பார்த்த அந்த வேல்ஸ் நாட்டு ராக் குழுவிலிருந்து போன் வந்தது. அவர்களுடைய கீபோர்டுக்காரன் ஆலன், ஒரு விடுதியில் தூக்கத்திலேயே போய்விட்டான். முப்பத்தொரு வயது. பயணத்தில் பாக்கி ஒன்பது கச்சேரி. அவன் ஆர்கனிலேயே வாசித்துக் கொடுங்கள், ஒத்துப்போனால் நிரந்தரமாக நீங்கள்தான் என்றார்கள். போஸ்டரில் பேர். அட்டையில் போட்டோ. நாற்பத்து நாலு வயதில்.

வாசிக்க வேண்டிய எட்டுப் பாட்டில் ஏழு ஏற்கெனவே ரெக்கார்டாக வந்தவை. எட்டாவது புதுசு. அதற்கு மேனேஜர் ஒரு கேசட் கொடுத்திருந்தார், கிளாஸ்கோ கச்சேரியில் எடுத்தது. அந்தப் பாட்டின் நடுவே இரண்டு நிமிடம் ஆர்கன் தனியாகப் போகும். மூன்று நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரோலி அதைக் கரைத்துக் குடித்தான். இப்படி ஒன்றை அவன் கேட்டதே இல்லை. மாடிப்படியில் யாரோ ஏறி வந்து, பாதியில் நின்று, மறுபடி ஏறுவது போல இருக்கும்.

வேனில் கடைசியாக ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம் என்று கேசட்டைப் போட்டான். டிரம், பேஸ், கிதார்... பிறகு ஆர்கன் எழுந்தது. ரோலி தொடைமேல் விரல்களை ஓட்டினான்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மொராக்.

"கூடவே வாசிச்சுப் பாக்கறேன்."

"எது கூட?"

"சவுண்ட் இன்ஜினியருக்குக் காது போச்சா? ஆர்கன் கூடத்தான்."

மொராக் சிரிக்கவில்லை. வண்டியின் வேகம் குறைந்தது.

"ரோலி... இந்த டேப்பை எடுத்ததே நான். ஆலன் போய் அஞ்சாம் நாள் அந்தக் கச்சேரி. இந்த எடத்தை அவனுக்காகக் காலியா விட்டாங்க. ரெண்டு நிமிஷம் வெறும் டிரம்மும் பேஸும்தான்."

"இல்லம்மா, இதோ வருதே..."

"எனக்கு டிரம்மும் பேஸும்தான் கேக்குது."

ரோலி கூடவே முனகிக் காட்டினான். இரண்டு வரிதான். மொராக் கேசட்டை வெளியே இழுத்தாள். "போதும். பாடாதீங்க."

கண்ணாடியில் ஆலங்கட்டி தட்டுகிற சத்தம் மட்டும்.

அப்புறம்... பின்னால்.

அந்தக் காலத்து ஆர்கனுக்கு இரண்டு ஸ்விட்ச். முதலாவதை அழுத்திப் பிடித்தால் உள்ளே மோட்டார் ங்ஙீ... என்று மெல்ல ஏறும். எட்டு வினாடி. அப்புறம் இரண்டாவது. கடக். அதற்குப் பிறகு ஒரு முனகல், விடாமல்.

ங்ஙீ...

இருவரும் மூச்சுவிடவில்லை.

கடக்.

மொராக் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். முனகல் நிற்கவில்லை. இருக்கையின் வழியாக ரோலியின் முதுகெலும்பில் ஏறியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்கள். காற்று ஆளைத் தள்ளியது. மொராக் கதவைத் திறந்தாள்.

நின்றுவிட்டது.

கம்பளி சுற்றியபடியே இருந்தது. மின்கம்பி சுருட்டிக் கட்டிய கட்டு அவிழவில்லை. ரோலி கம்பளிக்குள் கையை விட்டு மூடியைத் தொட்டான். மரம் வெதுவெதுப்பாக இருந்தது... யாரோ ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு எழுந்து போனது மாதிரி. சூடேறிய தூசியின் வாசனை. குளிர்காலத்தில் ஹீட்டரை முதல்முறை போட்டால் வருமே, அது.

"நான் வேணா நடந்தே வந்துடறேன்," என்றான் ரோலி.

"நாப்பது மைல். தாராளமா வாங்க," என்றாள் மொராக். "ஏறுங்க. இங்க நின்னா இதைவிட மோசம்."

அப்படியே விக் போய்ச் சேர்ந்தார்கள்.

மண்டபத்தில் நானூறு பேர். மேடை ஏறும் முன் ரோலி கிதார்காரன் ஹூவைத் தனியாக அழைத்தான். எட்டாவது பாட்டில் தனி வாசிப்பு வேண்டாமே என்றான். "அந்த எடத்தை ஆர்கனுக்குன்னுதானே விட்டிருக்கோம். தெரிஞ்ச எதையாவது வாசிங்க, ஐயா. ரெண்டு நிமிஷம்தானே," என்றான் ஹூ.

சரி, சாதாரணமாக ஒரு ப்ளூஸ் மெட்டு வாசித்து ஒப்பேற்றிவிடலாம். மனதுக்குள் அதைத் தயார் செய்துகொண்டான்.

ஏழு பாட்டும் நன்றாகப் போயின. எட்டாவதில் கிதார் ஒதுங்கியது, விளக்கு அவன்மேல் விழுந்தது. ரோலி தன் ப்ளூஸை ஆரம்பித்தான். நாலு தாளச் சுற்று. ஐந்தாவதில் இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தன்போக்கில் கீழே இறங்கி, அந்த மாடிப்படியை ஏறத் தொடங்கியது. வலது கை பின்னாலேயே போனது. தூக்கப் பார்த்தான்... வரவில்லை. தோள் வரைக்கும் அவனுடையது. அதற்குக் கீழே குளிர்ந்து கிடந்தது.

முடிவில், பல கட்டைகளை ஒரே சமயத்தில் அழுத்துகிற ஒரு விரிந்த கார்டு. ரோலிக்குப் பொடிக்கை. ஸ்டுடியோவில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள், பாப்பா கை என்று. எட்டு வெள்ளைக் கட்டைக்கு மேல் எட்டவே எட்டாது. அவன் குனிந்து பார்த்தான். கை பதினொன்றை மூடியிருந்தது.

ஜனம் கத்தித் தீர்த்தது.

உடை மாற்றும் அறையில் ஹூ துண்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. "எங்க கத்துக்கிட்டீங்க அதை? ஆலன் எனக்கு ஒரே ஒரு தடவை, அவங்க அம்மா வீட்டுல வெச்சு வாசிச்சான். மேடையில வாசிச்சதே இல்ல."

ரோலி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"எப்படியோ போகட்டும். இனிமே நீங்க எங்க ஆளு. அடுத்த ரெக்கார்டுல உங்க பேர், உங்க போட்டோ. நாளைக்கே எழுதித் தரேன்."

பதினெட்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. ரோலி இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டான். "வேணாம்ப்பா," என்றான். "பேர் இல்லாமலே இருந்துக்கறேன்." விடிந்ததும் முதல் ரயில். அந்த ஆர்கனை அவன் அப்புறம் தொடவில்லை.

இதோடு முடிந்திருந்தால் லெஸ் சொல்லியிருக்கமாட்டான்.

பத்து நாள் கழித்து கிறிஸ்துமஸ். லெஸ் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். ஷீலா புருஷனுக்குத் தோல் கையுறை வாங்கியிருந்தாள், வழக்கமான கடை, வழக்கமான அளவு. ரோலி விரலை நுழைத்தான். பாதியில் நின்றது. இழுத்தான். தையல் பிரிந்தது.

"கடைக்காரன் அளவை மாத்திக் குடுத்துட்டான்," என்று சிரித்தாள் ஷீலா. "நம்ம ரெண்டு பேர் கையும்தான் ஒரே அளவாச்சே." காட்டுவதற்காக அவன் உள்ளங்கையோடு தன் உள்ளங்கையை ஒட்டி வைத்தாள்.

சிரிப்பு நின்றது.

அவள் விரல்களுக்கு மேலே அவன் விரல்கள் ஒரு கணு நீண்டு நின்றன. ஐந்தும்.

லெஸ் பார்த்துக்கொண்டே இருந்தான். ஷீலா கையை எடுக்கப் போனாள். அதற்குள் அந்த மேல் கணுக்கள் மட்டும்... மெல்ல மடங்கி, அவள் விரல்நுனிகளைப் பிடித்துக்கொண்டன.

ரோலியின் முகம் வெளுத்திருந்தது.

"ஷீலா," என்றான். "நான் பிடிக்கல."